பச்சைப் பெட்ரோல்

மாமா – இதத் தொட்டுப் பாரு மாப்ள.

மெக்கானிக் – எதுக்கு?

மாமா – தொடேன். சிலிண்டர் பக்கமா.

மெக்கானிக் – ...சுடுது.

மாமா – ஆங். நாம கேட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே யாரோ ஓட்டி வெச்சிருக்காங்க. ஆறிக் கிடந்தா தோள்பட்டை கழர்ற வரைக்கும் இழுத்தாலும் கிளம்பாது. இப்ப ஒரே இழுப்புல கிளம்பிரும். நம்ம தலைல கட்டிடலாம்னு பார்க்கறாங்க.

மெக்கானிக் – மரம் அறுக்கற பழைய செயின்சா வாங்க வந்தா, போலீஸ் நாயைக் கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கு உங்களோட.

மாமா – நாய்னே சொல்லிட்டியா. அக்கா புருஷன்னு ஒரு மரியாதை...

மெக்கானிக் – ஐயோ, மூக்கைச் சொன்னேன் மாமா.

மாமா – மூக்குக்கு என்ன குறைச்சல். இருபத்திரெண்டு வருஷம் இதே மரக்கிடங்குல மரம் அறுத்த மூக்கு. இப்ப உன் பட்டறைல உக்காந்து பிஸ்டன் கழுவுது.

மெக்கானிக் – காலைலயே ஆரம்பிக்கணுமா?... அந்த மூணாம் நம்பரைத் தூக்குங்க. உடம்பைப் பிடிக்காதீங்க, ஸ்டார்ட் பண்ண இழுக்கற கயிறைப் பிடிச்சுத் தொங்க விடுங்க.

மாமா – ம்... கொஞ்சம் இறங்குது, நிக்குது. கொஞ்சம் இறங்குது... நிக்குது.

மெக்கானிக் – அதான் வேணும். தன் கனத்துக்கே மடமடன்னு இறங்கினா உள்ள அமுக்கம் இல்லேன்னு அர்த்தம். இது எடுத்துக்கலாம்.

மாமா – டேங்கைத் திறந்தா குமட்டுது. பெட்ரோல் காய்ஞ்சு பிசினாயிருக்கு.

மெக்கானிக் – அது கழுவினாப் போயிடும். வெளிய இருக்கற அழுக்குக்கு பயப்படக் கூடாது. பிஸ்டன் போனாத்தான் நம்ம கதை கந்தல்.

மாமா – அப்ப இது? பளபளன்னு இருக்கே.

மெக்கானிக் – அதனாலதான் வேணாம். மரத்தூள்ல பொரண்ட மிஷினுக்கு எதுக்குப் புதுப் பெயின்ட்டு? திருப்புங்க... டேங்குக்கு அடியில பாருங்க, விரிசல்.

மாமா – அறுபது வயசுக்காரன் தலைக்கு டை அடிச்ச மாதிரி.

மெக்கானிக் – இதுல ஸ்க்ரூவைப் பாருங்க, தலையே இல்ல, தேஞ்சு வட்டமாயிருக்கு. ஊர்ல உள்ள கை எல்லாம் பட்டிருக்கு. தள்ளி வைங்க.

மாமா – அஞ்சாம் நம்பருக்குக் கைப்பிடி உடைஞ்சிருக்கு, இன்ஜின் நல்லாருக்கு. எட்டாம் நம்பருக்கு இன்ஜின் போச்சு, கைப்பிடி முழுசா இருக்கு. ரெண்டையும் சேர்த்தா ஒண்ணு ஆகாது?

மெக்கானிக் – ஆகும். எட்டு மாசத்துல நல்லாத் தேறிட்டீங்க.

மாமா – தேறாம? ஒரு நாளைக்கு எத்தனை தடவ சொல்றே. வர்ற கஸ்டமர் ஒவ்வொருத்தன்கிட்டயும் அதே பாடம். நான் பின்னாடி தொட்டில கைய விட்டுட்டுக் கேட்டுட்டே இருக்கேன்.

மெக்கானிக் – சீக்கிரம் பொறுக்குங்க. ஆறு தேத்தணும். மத்தியானம் வேற பட்டறைக்காரன் வர்றானாம்.

மாமா – பதினாலு மிஷின்னாங்க. பதிமூணுதான் இருக்கு.

மெக்கானிக் – பதிமூணா இருக்கும்.

மாமா – அந்த மூலைல சாக்கு போட்டு மூடி...

மெக்கானிக் – அது ஒண்ணுமில்ல. வெறும் கூடு.

மாமா – சாக்கை எடுக்காமலே தெரிஞ்சுதா? என் மூக்கைக் கிண்டல் பண்ணினே.

மெக்கானிக் – அத விடுங்க மாமா. இந்தாங்க, பத்தாம் நம்பரைப் பிடிங்க... மாமா.

மாமா – கைப்பிடில சைக்கிள் ட்யூப் சுத்தியிருக்கு. நான் சுத்தினது மாப்ள. இது ஏழாம் நம்பர். என் மிஷின்.

மெக்கானிக் – அப்படியா.

மாமா – என்ன அப்படியா? உன் பட்டறைக்கே ரெண்டு தடவ வந்திருக்கு. அடையாளம் தெரியலையா?

மெக்கானிக் – வருஷத்துக்கு நூறு மிஷின் பார்க்கறேன். எல்லாம் ஒரே கரி, ஒரே தூளு.

மாமா – ஆறு வருஷம் ஓட்டினது. உங்கக்கா கையைவிட இதத்தான் ஜாஸ்தி பிடிச்சிருக்கேன். அவகிட்ட சொல்லிடாதே... இதையும் எடுத்துக்கலாம்.

மெக்கானிக் – வேணாம். எரிஞ்ச இன்ஜின். நீங்களே பார்த்ததுதானே.

மாமா – எரிஞ்சதைப் பார்த்தேன். உள்ள எப்படி இருக்குன்னு பார்த்ததில்லையே. சைலன்சருக்கு ரெண்டே போல்ட்டு, கழட்டினா பிஸ்டன் தெரிஞ்சுடும்.

மெக்கானிக் – நேரமில்ல.

மாமா – எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான்.

ஸ்டோர்காரர் – யாரு அது உள்ள? பச்சைப் பெட்ரோலா? பார்த்து எவ்வளவு நாளாச்சுப்பா.

மாமா – வணக்கம் சார்.

ஸ்டோர்காரர் – கோச்சுக்காதீங்க. இங்க எல்லார் வாயிலயும் அந்தப் பேருதான் வருது. ரிப்பேர் முடிஞ்சு வந்த மிஷின்ல டூ டி ஆயில் கலக்காம பச்சையாப் பெட்ரோலை ஊத்தி, மூணே வாரத்துல எரிச்ச ஆளு நீங்க ஒருத்தர்தான். புதுசா சேர்ந்த பசங்ககூட ஆயில் டப்பாவைத் தூக்கறப்ப உங்களை நினைச்சுக்கறாங்க.

மாமா – நான் கலந்துதான் ஊத்தினேன் சார். அன்னைக்கும் சொன்னேன்.

ஸ்டோர்காரர் – நீங்க சொன்னீங்க. சீட்டு வேற சொல்லிச்சே.

மாமா – என்ன சீட்டு?

மெக்கானிக் – சார், அந்த நோட்டைக் கொண்டு வந்தீங்கன்னா எழுதிடலாம். நேரமாகுது...

ஸ்டோர்காரர் – இருங்க, வரேன். பட்டறைச் சீட்டுப்பா. 'எண்ணெய் கலக்காத பெட்ரோலால் எரிந்தது'ன்னு தெளிவா எழுதியிருந்துச்சு. அதைப் பார்த்துத்தானே மேனேஜர் உங்களை நிறுத்தினார். உங்க மச்சான் சொல்லலையா?

மாமா – ...இல்ல.

ஸ்டோர்காரர் – அவர் கையெழுத்துதான். நான்கூட மேனேஜர்கிட்ட சொன்னேன், சொந்தக்காரரே எழுதிக் குடுக்கறார்னா அப்புறம் எதுக்கு விசாரணைன்னு.

மாமா – ம்.

ஸ்டோர்காரர் – மேனேஜருக்கும் மனசு கேக்கல. ஆத்தோரத்துல பெரிய பெரிய மரமா நாப்பது நிக்குது, பதமா சாய்க்கத் தெரிஞ்ச கை இல்ல. போன வாரம் ஒருத்தன் லாரி மேலயே சாய்ச்சுட்டான். 'அந்த மனுஷன் மட்டும் எண்ணெய் விஷயத்துல அப்படிப் பண்ணாம இருந்திருந்தா நாளைக்கே கூப்பிட்டிருப்பேன்'னு நேத்துகூட சொன்னார்... சரி, நோட்டு எடுத்துட்டு வரேன். என்ன மெக்கானிக், ஒருவழியா ஏழாம் நம்பர் உங்க கைக்கு வந்துடுச்சு போல. மூணு தடவ போன் பண்ணிக் கேட்டீங்களேன்னுதான் சாக்கு போட்டு ஒதுக்கி வெச்சேன்.

மெக்கானிக் – அது... சும்மா, ஸ்பேருக்கு.

ஸ்டோர்காரர் – ஆளுக்கு ஒரு ஆசை. இதோ வந்துட்டேன்.

மெக்கானிக் – மாமா.

மாமா – ஸ்பேனர் குடு.

மெக்கானிக் – நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க.

மாமா – நிறைய கேட்டுட்டேன் இன்னைக்கு. ஸ்பேனர்.

மெக்கானிக் – ...இந்தாங்க.

மாமா – மேனேஜர் முடிவு பண்ணினார்னு சொன்னே என்கிட்ட. 'நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன் மாமா, அந்த ஆளு கேக்கல'ன்னு சொன்னே. வீட்டுல, உங்கக்கா பக்கத்துல உக்காந்துகிட்டு. டார்ச்சை அடி. கிட்ட வா. ம். பிஸ்டன் கீறியிருக்கு.

மெக்கானிக் – அதான் சொன்னேனே.

மாமா – சைலன்சர் பக்கம் மட்டும் கீறியிருக்கு. எண்ணெய் இல்லாம ஓடினா சுத்திவரக் கீறும்னு கஸ்டமருக்குச் சொல்றியே. ஒரு பழைய பிஸ்டனை அதுக்குன்னே ஆணில மாட்டி வெச்சிருக்கே.

மெக்கானிக் – எல்லாத்துலயும் அப்படியே இருக்கும்னு இல்ல...

மாமா – கார்பரேட்டரையும் எடுத்துட்டேன். நல்ல துணியாப் பார்த்து ஒண்ணு குடு.

மெக்கானிக் – அவர் வந்துடுவார்.

மாமா – வரட்டும். கயிறை மெதுவா இழு, பிஸ்டன் மேல போகட்டும். போதும், பிடிச்சுக்கோ. இந்த ஓட்டை வழியாத் துணியை அடி வரைக்கும் விடறேன்... இந்தா. மோந்து பாரு மாப்ள.

மெக்கானிக் – டூ டி ஆயில்.

மாமா – எட்டு மாசமாகியும் ஈரம் காயல. பச்சையா ஊத்தினவன் இன்ஜினுக்குள்ள இது எப்படிப் போச்சு? நீ மெக்கானிக்கு, நீ சொல்லு.

மெக்கானிக் – ...சீல்.

மாமா – என்ன?

மெக்கானிக் – ஆயில் சீல். ஸ்டார்ட்டர் பக்கம், வெளிக்காத்து புகாம அடைக்கற ரப்பர் வளையம். அது மாட்டற இன்ஜின் தண்டுல பள்ளமா ஒரு காடி வெட்டியிருக்கும் மாமா, விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அது மேல டேப்பு ஒட்டி மூடிட்டுத்தான் சீலை ஏத்தணும். ஏழாம் நம்பரை ரிப்பேர் பண்ணின அன்னைக்கு டேப்பு தீர்ந்துபோச்சு. கடைக்குப் போகச் சோம்பல்... கொஞ்சம் கிரீஸ் தடவித் தள்ளிட்டேன்.

மாமா – கிழிஞ்சுதா?

மெக்கானிக் – முடி அளவு. போகப் போகப் பெருசாயிருக்கு. அது வழியா வெளிக்காத்தை இழுத்திருக்கு. காத்து ஜாஸ்தியானா பெட்ரோல் பத்தாது, அதோட வர்ற எண்ணெயும் பத்தாது. சூடு ஏறி எரிஞ்சுடும்.

மாமா – உனக்கு எப்ப தெரியும்?

மெக்கானிக் – எரிஞ்சு வந்த அன்னைக்கே. கழட்டினதும் பார்த்தேன்.

மாமா – பார்த்துட்டு எழுதினே.

மெக்கானிக் – ஆள் அனுப்பியிருந்தாங்க மாமா. வாசல்லயே நிக்கறான், 'காரணம் எழுதுங்க, கையோட கொண்டுபோகணும்'ங்கறான். என் தப்புன்னு எழுதினா இந்தக் கிடங்கு மிஷின் அத்தனையும் வேற பட்டறைக்குப் போயிடும். எனக்குக் கிடைச்ச முதல் பெரிய வேலை. அதுவும் நீங்க சிபாரிசு பண்ணிக் கிடைச்சது... உங்களைத் திட்டுவாங்க, ஒரு வாரம் வர வேணாம்பாங்க, அத்தோட முடிஞ்சுடும்னு நெனச்சேன்.

மாமா – ஒரு வாரம்.

மெக்கானிக் – நிறுத்திட்டாங்கன்னதும் எனக்குச் சோறு இறங்கல. அதனாலதானே ஓடி வந்து உங்களைப் பட்டறைக்குக் கூப்பிட்டேன்.

மாமா – கூப்பிட்டே. உங்கக்கா அழுதா. 'என் தம்பி மாதிரி யாருக்கு வாய்க்கும்'னா. அன்னைலேர்ந்து நீ வீட்டுக்கு வந்தா உனக்கு நாற்காலி, எனக்குத் தரை. நான் எதாவது பேசினா, 'எண்ணெய் ஊத்த மறந்தவர் வாயைத் திறக்காதீங்க'ம்பா. சிரிச்சுட்டேதான் சொல்லுவா. சட்டில எண்ணெய் ஊத்தறப்ப திரும்பி ஒரு பார்வை பார்ப்பா. அதையும் சிரிச்சுட்டேதான்.

மெக்கானிக் – மாமா...

மாமா – பெரிய பொண்ணு சிரிக்கறதில்ல. 'அப்பா, உங்களுக்கு நெஜமாவே மறதி வந்துடுச்சா, டாக்டரைப் பார்க்கலாமா'ன்னு கேக்கறா. ராத்திரி கேஸை மூடினேனான்னு எனக்குப் பின்னாடியே போய்ப் பார்க்கறா. ஐம்பத்திமூணு வயசு மாப்ள எனக்கு.

மெக்கானிக் – என்னை மன்னிச்சிடுங்க.

மாமா – அதை வெச்சு என்ன பண்ண? அந்த ஆளு நோட்டு எடுத்துட்டு வரான். அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. 'அன்னைக்கு அவசரத்துல சரியாப் பார்க்கல, இன்னைக்குப் பிரிச்சுப் பார்த்தேன், காத்து லீக்கு'ன்னு. உன் கைத் தப்புன்னுகூடச் சொல்ல வேணாம். சீல் தேஞ்சுபோச்சுன்னு சொல்லு. என் பேரு எனக்கு வந்தாப் போதும்.

மெக்கானிக் – போட்டு மூணு வாரத்துல சீல் தேயாது மாமா. மேனேஜருக்குத் தெரியும். கேப்பார்.

மாமா – கேக்கட்டும். நான் பக்கத்துல நிக்கறேன். வேலைன்னா ஒண்ணு ரெண்டு அப்படி ஆகும்னு நானே சொல்றேன். என் பேச்சுக்கு இங்க இன்னும் கொஞ்சம் மதிப்பு மிச்சம் இருக்கும். சொல்லுவியா?

மெக்கானிக் – சொல்றேன்.

மாமா – என்னைப் பார்த்துச் சொல்லு.

மெக்கானிக் – சொல்றேன் மாமா. சத்தியமா.

ஸ்டோர்காரர் – நோட்டு வந்தாச்சு. எதெது எடுத்தீங்க?

மெக்கானிக் – மூணு, அஞ்சு, எட்டு, பத்து, பன்னெண்டு...

ஸ்டோர்காரர் – அஞ்சு ஆச்சு. ஏழு?

மெக்கானிக் – ஏழும்.

ஸ்டோர்காரர் – அட, அதை இங்கயே பிரிச்சுப் போட்டுட்டீங்களா. நல்லதாப் போச்சு. என்ன கோளாறுன்னு ஒவ்வொண்ணுக்கும் எழுதணும், மேனேஜர் ஆபீஸ்லதான் இருக்கார், சூட்டோட சூடா கையெழுத்து வாங்கிடறேன். மூணு?

மெக்கானிக் – கார்பரேட்டர் அடைப்பு.

ஸ்டோர்காரர் – அஞ்சு?

மெக்கானிக் – கைப்பிடி உடைஞ்சிருக்கு.

ஸ்டோர்காரர் – எட்டு?

மெக்கானிக் – இன்ஜின் போச்சு. பத்து, பன்னெண்டு ரெண்டுலயும் கிளட்ச்சு.

ஸ்டோர்காரர் – ஏழு? ஏழுக்கு என்ன எழுதட்டும்?

மாமா – சொல்லு மாப்ள.

மெக்கானிக் – ஏழு வந்து... சார்...

ஸ்டோர்காரர் – ஏன், சீட்டுல எழுதினதுக்கு மேல வேற எதுனா இருக்கா? இருந்தாச் சொல்லுங்க, மேனேஜரை இங்கயே கூப்பிடறேன். நேர்ல பேசிக்கலாம்.

மெக்கானிக் – இல்ல இல்ல, அவர் எதுக்கு. அதேதான் சார். எண்ணெய் கலக்காதது.

ஸ்டோர்காரர் – அதையே எழுதிக்கறேன். வருத்தப்படாதீங்கப்பா, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். வாட்ச்மேனா கேட்டுல உக்கார ஆள் தேடிட்டு இருந்தாங்க, நான் சொல்லிப் பார்க்கறேன்.

மாமா – சரி சார்.

ஸ்டோர்காரர் – வண்டியைப் பின்பக்கமாக் கொண்டு வாங்க. ஏத்திக்கலாம்.

மாமா – அந்த போல்ட்டு ரெண்டையும் எடுத்துப் பையில போடு. காணாமப் போயிடும்.

மெக்கானிக் – நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு மாமா. மேனேஜரைக் கூப்பிடறேன்னதும்...

மாமா – ம்.

மெக்கானிக் – ஏதாவது திட்டுங்க. இப்படி நிக்காதீங்க.

மாமா – திட்டறதுக்கு என்ன இருக்கு.

மெக்கானிக் – துணி உங்க கையிலதானே இருந்துச்சு? நான் சொல்லாட்டி என்ன, நீங்க நீட்டியிருக்கலாமே. மோந்து பாருங்கன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். நான் தடுத்திருக்க மாட்டேன். ஏன் மாமா வாயைத் திறக்கல?

மாமா – திறந்தா அடுத்த கேள்வி என்னைத்தான் கேப்பாங்க. இருபத்திரெண்டு வருஷம் ஓட்டினவனுக்கு, காத்து இழுக்கற மிஷின் போடற சத்தம் காதுல விழலையான்னு. விழுந்துச்சு மாப்ள. எரியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே விழுந்துச்சு. விசைலேர்ந்து விரலை எடுத்தாலும் அடங்காம வீல்னு கத்திச்சு. சீல் போயிடுச்சுன்னு அப்பவே தெரியும். அன்னைக்கே கொண்டுபோய் ஸ்டோர்ல வெச்சிருந்தா இன்ஜினும் பொழைச்சிருக்கும், நானும் பொழைச்சிருப்பேன். ஆனா யாரு ரிப்பேர் பண்ணினதுன்னு கேப்பாங்களே. பொண்டாட்டியோட தம்பி, இப்பத்தான் கடை போட்டு நிமிர்றான், அவனுக்கே தெரியாம நடந்த தப்பு, இதுல அவன் பேரு கெடக் கூடாதுன்னு... யார் காதுலயும் விழாம ஆத்தோரமா அந்தக் கடைசி மரத்துக்கிட்ட எடுத்துட்டுப் போயி, ரெண்டு நாளும் தனியா நின்னு, எரியற வரைக்கும் அதை நான்தான் ஓட்டினேன்.